ஒரே வார்டு, இரண்டு சம்பளம்

ஆசிரியருக்கு வணக்கம்.

அரசு மருத்துவமனை ஊழியர்களுக்கு வேலையில் அக்கறை குறைந்துவிட்டது, முகம் பார்த்து வருகையைப் பதியும் கருவியை வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று உங்கள் தலையங்கம் சொல்கிறது. அரசு மருத்துவமனைகளில் செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவள் நான். அந்தக் கருவி ஆளை நேரத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தும். அதற்கு மேல் அதனிடம் ஒன்றும் எதிர்பார்க்க முடியாது.

2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் போட்டித் தேர்வு வைத்து ஆயிரக்கணக்கான செவிலியர்களை எடுத்தது. தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய், இரண்டு ஆண்டில் நிரந்தரம் என்று பேச்சு. இரண்டு ஆண்டு போயும் பெரும்பாலோருக்கு அது நடக்கவில்லை. 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். (மருத்துவப் பணிகள் இயக்ககம்) வளாகத்தில் அவர்கள் போராட்டத்தில் உட்கார்ந்தது அதற்காகத்தான். பிறகு சம்பளத்தைக் கூட்டினார்கள், காலியிடத்தைப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக நிரந்தரமும் செய்தார்கள். ஆனாலும் பிரச்சினை தீர்ந்தபாடில்லை.

லேபர் வார்டு நைட் டியூட்டிக்கு வந்து பாருங்கள். அடுத்தடுத்து மூன்று பிரசவம் என்றால் நிரந்தர சிஸ்டரும் ஓடுவார், தொகுப்பூதியப் பெண்ணும் ஓடுவாள். அப்புறம் விடியற்காலையில் கேஸ் ஷீட் எழுதி முடித்துக் கொஞ்சம் உட்கார்ந்ததும், அந்தப் பெண் பையிலிருந்து ஓ.இ.டி. புத்தகத்தை எடுப்பாள். வெளிநாட்டு வேலைக்கு எழுத வேண்டிய ஆங்கிலத் தேர்வு அது. அவளுக்கு அக்கறை இல்லை என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கே வருவேன். இங்கேயே இருந்தால் என்ன கிடைக்கும் என்று அவளுக்குச் சொல்லத்தான் ஆளில்லை. அரசு ஊழியரான பெண்களுக்கு 2021 முதல் பேறுகால விடுப்பு 12 மாதம். ஊரார் பிரசவத்தையெல்லாம் பார்க்கும் இந்தப் பெண்களோ, தங்களுக்கு அந்த விடுப்பு வேண்டும் என்று உயர்நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது.

நிரந்தரமானவர்கள் எல்லாரும் உழைக்கிறார்களா என்று கேட்பீர்கள். இல்லை. டிமிக்கி கொடுப்பவர்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் நம் நடைமுறையே அவர்களுக்குத்தான் வசதியாக இருக்கிறது. ஒன்றும் செய்யாதவருக்கு மெமோ வருவது அபூர்வம். இழுத்துப் போட்டுக்கொண்டு செய்கிறவரின் கையெழுத்துத்தான் எல்லாத் தாளிலும் இருக்கும், ஏதாவது பிசகினால் 17-பி என்கிற ஒழுங்கு நடவடிக்கைக் குறிப்பாணை அவர் வீடு தேடித்தான் போகும். இதைப் பார்க்கும் புதுப்பிள்ளைகள் ஒரே வருடத்தில் உஷாராகிவிடுகிறார்கள்.

ஊக்கத்தொகையே இல்லை என்றும் சொல்ல முடியாது. மருத்துவமனைத் தூய்மைக்கு மத்திய அரசு 2015 முதல் 'காயகல்ப்' விருது தருகிறது. பரிசுப் பணத்தில் கால் பங்கை ஊழியர்களுக்குக் கொடுக்கலாம். நல்ல ஏற்பாடுதான். நான் வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில் அந்தப் பணம் வந்தபோது, பெயர்ப் பட்டியலில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர் ஒருவர்கூட இல்லை. தரையைத் தேய்த்தவர்கள் அவர்கள்! அடுத்த ஆய்வுக்குழு வரும் நாளில், "இன்னும் கொஞ்சம் பளிச்சென்று துடைங்கம்மா" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

முகப் பதிவு வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. எந்த மாவட்டத்தில் எத்தனை செவிலியர் இடம் காலி, தொகுப்பூதியத்தில் இருப்பவர்களில் யாருக்கு எப்போது முறை வரும் என்ற பட்டியலை ஆண்டுதோறும் வெளியிடச் சொல்லியும் ஒரு தலையங்கம் எழுதுங்கள்.

– ஓய்வுபெற்ற செவிலியர், மன்னார்குடி