விலை அட்டையில் ‘10 கோர்’: எத்தனை பெரியவை?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சிங்கப்பூரின் சிம் லிம் ஸ்குவேர் கடைகளிலும் எக்ஸ்போ கண்காட்சிகளிலும் மடிக்கணினி விலை அட்டைகளில் ‘10 கோர்’, ‘12 கோர்’ என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். கணினியின் மூளையான சில்லுக்குள் தனித்தனியாக வேலை செய்யும் கணக்கீட்டு அலகுதான் கோர். பலதுறைத் தொழிற்கல்லூரியில் சேரும் பிள்ளைக்கு வாங்க வரும் பெற்றோர், எண் கூடினால் வேகமும் கூடும் என்றுதான் நினைப்பார்கள். அந்தப் பத்தும் ஒரே மாதிரியானவை அல்ல. (‘செயலி’ என்றால் இப்போது கைப்பேசிச் செயலிதான் நினைவுக்கு வருகிறது. அதனால் அந்தச் சில்லைப் பிராசசர் என்றே எழுதுகிறேன்.)

2021 நவம்பரில் வந்த இன்டெல் 12ஆம் தலைமுறையிலிருந்து இரண்டு வகைக் கோர்கள் கலந்து வருகின்றன. வேகத்துக்குப் பெரிய பி-கோர், மின்சாரத்தை மிச்சப்படுத்தச் சிறிய இ-கோர். ஐ5-1235யு பிராசசரின் பத்துக் கோர்களில் பி-கோர் இரண்டுதான். ஐ5-1240பி-யில் நான்கு.

கடையிலேயே பார்த்துவிடலாம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ், பிறகு சிபியு. ‘லாஜிக்கல் பிராசசர்ஸ்’ எண்ணிலிருந்து ‘கோர்ஸ்’ எண்ணைக் கழியுங்கள். ஐ5-1235யு-வில் 12 − 10 = 2. அதுதான் பி-கோர் எண்ணிக்கை. ஒரே கோர் ஒரே நேரத்தில் இரண்டு வேலைகளை ஏற்கும் ‘ஹைப்பர்திரெடிங்’ வசதி இருப்பதால் பி-கோர் ஒவ்வொன்றும் இரண்டாகக் கணக்கில் வருகிறது. இ-கோர் ஒன்றாகவே நிற்கிறது. இன்டெலின் கோர் அல்ட்ரா 200வி வரிசையில் ஹைப்பர்திரெடிங்கே கிடையாது, அங்கே இந்தக் கணக்கு பலிக்காது.

எந்த வேலையை எந்தக் கோருக்கு அனுப்புவது என்று முடிவெடுப்பது இயங்குதளத்தின் ஷெட்யூலர். முதலில் ஒவ்வொரு பி-கோருக்கும் ஒரு வேலை, அடுத்து இ-கோர்கள், கடைசியில்தான் பி-கோரின் இரண்டாவது இடம். ஒரே பி-கோரில் அமரும் இரண்டு வேலைகள் அதன் கணக்கீட்டு அலகுகளையும் எல்1 கேஷ் என்ற சிறு நினைவகத்தையும் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். அதைவிடத் தனி இ-கோர் மேல். வேலையின் தன்மையைக் கவனித்து ஷெட்யூலருக்குக் குறிப்பு கொடுக்க ‘திரெட் டைரக்டர்’ என்ற மின்சுற்றை இன்டெல் பிராசசருக்குள்ளேயே வைத்தது. அதை முழுமையாகப் பயன்படுத்துவது விண்டோஸ் 11.

ஷெட்யூலருக்காகப் பிராசசரின் திறனையே முடக்கியதும் உண்டு. 12ஆம் தலைமுறைப் பி-கோரில் ஒரே நேரத்தில் பல எண்களைக் கணக்கிடும் ஏவிஎக்ஸ்-512 கட்டளைகளுக்கான மின்சுற்று இருந்தது, இ-கோரில் இல்லை. பாதி வேலையில் இ-கோருக்கு மாற்றினால் புரியாத கட்டளையில் நிரல் நின்றுவிடும். அதனால் இன்டெல் அதை மூடிவிட்டது.

வீட்டில் வரும் சிக்கல் வேறு. காணொளியை எக்ஸ்போர்ட் செய்யவிட்டு, சாளரத்தைச் சுருக்கிவிட்டு இணையத்தில் மேய்ந்தால், பின்னணி வேலைதானே என்று ஷெட்யூலர் அதை இ-கோர்களுக்குத் தள்ளக்கூடும். சாளரத்தைத் திறந்தே வையுங்கள். செட்டிங்ஸில் சிஸ்டம், பவர் பகுதிக்குப் போய், பவர் மோடை ‘பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்’ ஆக்குங்கள், சார்ஜரைச் செருகிக்கொண்டு. டாஸ்க் மேனேஜரில் அந்த நிரலுக்குப் பக்கத்தில் பச்சை இலை தெரிந்தால் எஃபிஷியன்சி மோடில் ஓடுகிறது என்று பொருள். வலது கிளிக் செய்து நீக்கலாம்.

நிரல் எழுதும் மாணவர்களுக்கும் ஒன்று. வேலையை 12 சம பங்காக வெட்டினால், பி-கோர்கள் முடித்துவிட்டு இ-கோர்களுக்காகக் காத்திருக்கும். நூற்றுக்கணக்கான சிறு துண்டுகளாக வெட்டி வரிசையில் வையுங்கள். கை ஓய்ந்த கோர் அடுத்ததை எடுத்துக்கொள்ளும்.

எவ்வளவு கெட்டிக்கார ஷெட்யூலராக இருந்தாலும் இல்லாத பி-கோரை உண்டாக்க முடியாது. எனவே கடைக்காரர்கள் ‘10 கோர்’ என்பதற்குப் பதில் ‘2 பி + 8 இ’ என்று அட்டையில் அச்சிடட்டும். கூடுதலாகத் தேவைப்படுவது நாலைந்து எழுத்து இடம்தான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், உட்லண்ட்ஸ்