ஜிங்க் லேம்ப் போன 41 நாட்கள்

அன்புள்ள எல்லோருக்கும்,

வணக்கம். தொலைந்துபோன மண் பரிசோதனை முடிவுகளை உங்கள் உதவியோடு மறுபடி திரட்டிவிட்டோம். இப்போது அத்தனையும் பத்திரமாக இருக்கின்றன. நேற்று நள்ளிரவு கடைசி வரிசையையும் சரிபார்த்துவிட்டேன். எப்படித் தொலைந்தது என்பது உங்களுக்கே தெரியும். மறுபடி அதைக் கிளற எனக்குத் தெம்பில்லை. எழுந்ததும் பல்கூடத் துலக்காமல் இதை எழுத உட்கார்ந்தேன்.

கூப்பிட்ட குரலுக்கு ஓடிவந்தவர்கள் நிறையப் பேர். பீரோவில் பட்டாவோடு மடித்து வைத்திருந்த மண்வள அட்டையைப் படம் பிடித்து அனுப்பிய விவசாயிகள், உட்பிரிவு ஆகிப்போன புல எண்களைப் பழைய எண்ணோடு பொருத்திக் கொடுத்த கிராம நிர்வாக அலுவலர்கள், ஞாயிற்றுக்கிழமையும் உட்கார்ந்து தட்டச்சு செய்த வேளாண் கல்லூரிப் பிள்ளைகள், தினமும் சோறு கொண்டுவந்த பக்கத்து வீட்டு அக்கா. தனித்தனியாக எழுதத்தான் ஆசை. விரல் மடங்க மாட்டேன் என்கிறது, மன்னியுங்கள்.

ஒருவரைப் பற்றி மட்டும் நீட்டிச் சொல்லியாக வேண்டும். மண் பரிசோதனைக்கூடம் ஒன்றில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பெயர் போடக்கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

மண்வள அட்டையில் 12 அளவுகள் இருக்கும்: கார அமில நிலை, உப்பின் நிலை, அங்ககக் கரிமம், அப்புறம் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து என்று போரான் வரைக்கும். எங்கள் அட்டவணையில் துத்தநாகத்துக்கான (ஜிங்க்) கட்டம் மட்டும் ஓரிடத்தில் தொடர்ந்து பூஜ்ஜியமாகவே இருந்தது. அந்த நிலங்களில் சத்துக் குறைபாடு முற்றிவிட்டது என்று நினைத்து, வரைபடத்தில் சிவப்புகூடப் பூசிவிட்டோம்.

பொள்ளாச்சிப் பக்கமிருந்து இரண்டு பஸ் மாறி வந்தார் அந்த ஐயா. எங்கள் வேண்டுகோளை மகளின் போனில் பார்த்தாராம். மஞ்சப்பைக்குள், உரக்கம்பெனி கொடுத்த பாக்கெட் டைரி ஒன்று. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையைப் பார்த்தவர், "இது ஜீரோ இல்ல கண்ணு. லேம்ப் இல்ல" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. டைரியைப் புரட்டி ஒரு வரியில் விரலை வைத்தார்: 'ஜிங்க் லேம்ப் போச்சு. ஆர்டர் போட்டாச்சு.' துத்தநாகம் போன்ற நுண்ணூட்டச் சத்துகளை ஒளியை வைத்து அளக்கும் ஏ.ஏ.எஸ். என்ற கருவியில் துத்தநாகத்துக்கென்று தனி விளக்கு உண்டு. அது எரிந்தால்தான் அளவு கிடைக்கும். 41 நாள் தள்ளி இன்னொரு வரி: 'லேம்ப் வந்தது.' நடுவில் வந்த மாதிரிகளில் துத்தநாகம் பார்க்கவே இல்லை. கட்டத்தைக் காலியாக விட்டால் கணினி ஏற்றுக்கொள்ளாது என்று யாரோ 0 அடித்துவிட்டிருக்கிறார்கள்.

இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது. அந்த 0-வை நம்பி ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட் வாங்கி இறைப்பவர் ஒருவர் என்றால், அதே 0-வை வைத்து ஆய்வுக் கட்டுரை எழுதுபவர் இன்னொருவர். இருவருக்கும் தப்பைக் கண்டுபிடிக்க வழியே இருந்திருக்காது.

"டைரியை வெச்சுட்டுப் போங்களேன் ஐயா, ஸ்கேன் பண்ணித் தர்றேன்" என்றேன். "பின்னாடி பால் கணக்கு இருக்குது" என்று மறுத்துவிட்டார். மூன்று மணி நேரம் அவரே வாசிக்க, நான் அடித்தேன். ஒரு நாளைக்கு, 'கரண்ட் போச்சு, ஷேக்கர் பாதியில நின்னுது' என்று இருந்தது. துத்தநாகத்துக்குக் கரைசலோடு மண்ணை இரண்டு மணி நேரம் விடாமல் குலுக்க வேண்டும். அந்த மாதிரிகளை என்ன செய்தீர்கள் என்றேன். "கீழ ஊத்திட்டு மறுபடி புதுசாப் போட்டோம்" என்றார், இதையெல்லாமா கேட்பாய் என்பதுபோல.

மண் தகவல் எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்று நானும் மேடை மேடையாகப் பேசியிருக்கிறேன். புல எண்ணைக் கொடுத்தால் மண்ணைப் பற்றிச் சொல்லும் 'தமிழ் மண் வளம்' தளம் இருக்கிறது. உலகம் முழுவதன் மண்ணையும் 250 மீட்டர் கட்டங்களாகக் காட்டும் சாயில்கிரிட்ஸ் தளம் இருக்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் எண்ணுக்குப் பின்னால் இருக்கும் டைரியை நான் ஒருநாளும் கேட்டதில்லை. இனிமேல் என் கையால் வெளியாகும் எந்த அட்டவணையிலும் எந்த நாள், எந்தக் கருவி, எந்த முறை என்று மூன்று நெடுவரிசைகள் கூடுதலாக இருக்கும். பார்க்காதது காலியாகவே இருக்கும். விவசாயிகளின் பெயர் இருக்காது. சிவப்பு பூசிய வரைபடத்தை அழித்துவிட்டேன்.

பஸ்ஸுக்குக் கொடுத்த காசை ஐயா வாங்கவில்லை. டீ மட்டும் குடித்தார், சர்க்கரை இல்லாமல். படியிறங்கும்போது, முழு அட்டவணையையும் பெரிய எழுத்தில் ஒரு பிரதி எடுத்துத் தரமுடியுமா என்று கேட்டார். "நாங் குலுக்குன மண்ணு எங்க போய்ச் சேந்துச்சுன்னு பாக்கோணும்" என்றார்.

ஜெராக்ஸ் கடை பத்து மணிக்குத் திறக்கும். கிளம்புகிறேன்.