நுரை போனால் முடிஞ்சுதோ

மச்சான்,

எப்பிடி இருக்கிறாய், பிள்ளையள் சுகமோ? உன்ர மெசேஜுக்குப் பதில் போடேல்லை எண்டு கோவிக்காத, நான் இப்ப கிளிநொச்சியில போத்திலுக்குக் காவல். சாராயப் போத்தில் இல்லையடா.

சவர்க்காரத்தூளில போடுற லாஸ் எண்ட கெமிக்கல் தண்ணியில எப்பிடி உக்குது எண்டு பாக்கிற ரெஸ்ற், ஓஈசீடி எண்ட சர்வதேச அமைப்பு எழுதிவைச்ச முறை, 301டி எண்டு சொல்லுவினம். உப்புகள் போட்ட தண்ணிக்குள்ள நல்லாக் காத்தடிச்சு, லீற்றருக்கு 2 மில்லிகிராம் லாஸ் போட்டு, கிருமிக்குக் குளத்துத் தண்ணி கொஞ்சம் விட்டு, வாய்மட்டும் நிரப்பி மூடி இருட்டில 28 நாள் வைக்கிறது. கிருமி அதைத் தின்னேக்க ஒட்சிசனையும் இழுக்குமெல்லே, அந்தக் குறைச்சல்தான் கணக்கு. முழுக்க உக்கத் தேவையான ஒட்சிசனில 60 வீதம் போனால் பாஸ். லேசா உக்கிற சோடியம் பென்சோயேற்று எண்ட உப்புப் போட்ட போத்திலும் பக்கத்தில நிக்கும், அது 14 நாளில 60ஐத் தாண்டாட்டி கிருமி சரியில்லை எண்டு எல்லாத்தையும் ஊத்தவேண்டியதுதான், கிருமிக்கும் சோதினை பார். ஒருக்காத் திறந்து அளந்த போத்தில் திரும்ப உதவாது, அதால ஒவ்வொரு நாளுக்கும் வேற சோடி, மேசை முழுக்கப் போத்தில்.

வெளிநாட்டில கிருமிக்குக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில இருந்து வெளியேறுற தண்ணிதான் கனபேர் எடுக்கிறது, எங்கட பக்கம் எல்லாம் மலகூடக் குழிதானே, அதால விடிய வெள்ளண இரணைமடுக் குளத்துக்குப் போய்க் கானில அள்ளிக்கொண்டு வந்தனான்.

முதல்தரம் நாசமாப் போச்சு. அறை 22 பாகையில நிக்கோணும், 12ஆம் நாள் இரவு கரண்ட் போய் ஏசி நிண்டிட்டுது, பங்குனி வெக்கை தெரியும்தானே, விடியப் பாத்தால் தண்ணி சூடாகி ஒவ்வொரு மூடிக்குக் கீழயும் பயறளவு குமிழ். அந்தக் காத்து வெளியில வந்தாப் பிறகு ஒட்சிசன் கணக்கு எங்க சரிவரும்? திரும்ப முதல்ல இருந்து, ஒவ்வொரு போத்திலாத் தட்டித் தட்டிக் குமிழ் எடுத்து விரல் நோகுது.

அம்மா கேக்கிறா, "நுரை போயிட்டுதெல்லே, பிறகேன் மினக்கெடுறாய்?" அதுதான்டா விசயமே. லாஸ் மூலக்கூறுக்கு நீட்டு வால் மாதிரி ஒரு பக்கம் இருக்கு, கிருமி அந்த வாலைக் கொஞ்சம் கடிச்ச உடன நுரை நிண்டிடும், மிச்சத் துண்டு தண்ணிக்குள்ளதான் கிடக்கும், அது காபனீரொட்சைட்டாப் போறவரைக்கும் நாங்கள் பாக்கோணும். 1950களில சவர்க்காரத்தூளில போட்ட பழைய கெமிக்கலுக்குக் கிளைவிட்ட வால், கிருமிக்குப் பல்லுப் பதியேல்லை, ஐரோப்பாவில ஆறெல்லாம் நுரை மிதந்ததாம், ஜேர்மனியில 1964இல சட்டம் நடைமுறைக்கு வந்து நேர்வாலுக்கு மாறினவை. நாங்கள் துருசடியில குளிக்கேக்க ஒரு கட்டிச் சவர்க்காரத்தை நாலுபேர் கரைச்ச ஞாபகம் வருது.

ஆனா நேர்வாலெண்டாலும் காத்துள்ள தண்ணியிலதான் உக்கும். அடிச்சேத்துக்குள்ள ஒட்சிசன் இல்லாத இடத்தில போய்ப் படிஞ்சால் அசையாது. போத்தில் பாஸ் எண்டாலும், ஆவணியில தண்ணி வத்தி நாறிக்கிடக்கிற குளத்துக்கு அந்தப் பாஸை நான் குடுக்கமாட்டன்.

இண்டைக்கு 14ஆம் நாள், பென்சோயேற்று தாண்டிட்டுது, லாஸ் இன்னும் எட்டேல்லை. இன்னும் ரெண்டு கிழமை கிடக்கு, அதுவரைக்கும் இரவில கோல் எடுக்காத, போன் அடிச்சால் கரண்ட் போயிட்டுதெண்டு லாப்பில இருந்து சொல்லுறாங்களாக்கும் எண்டு நெஞ்சு பதறுது.

உன்ர
மச்சான்