புகார் கடிதம்: ஐடிலிங் சத்தமும் தேவையில்லாமல் மாற்றப்பட்ட பாகங்களும்

அனுப்புநர்:
வாகன உரிமையாளர்,
கோயம்புத்தூர்.

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்,
அங்கீகரிக்கப்பட்ட கார் சர்வீஸ் மையம்,
கோயம்புத்தூர்.

நாள்: 2025 ஜூலை 14

பொருள்: எஞ்சின் சத்தத்தின் காரணத்தைக் கண்டறியாமலேயே உதிரிபாகங்களை மாற்றிக் கட்டணம் வசூலித்தது தொடர்பாக.

ஐயா,

வணக்கம். 2020ஆம் ஆண்டு வாங்கிய நாளிலிருந்து உங்கள் மையத்தில் மட்டுமே சர்வீஸ் செய்துவரும் என் பெட்ரோல் காரில், கடந்த மே மாத இறுதியிலிருந்து, வண்டி நின்றபடி எஞ்சின் ஓடும்போது (ஐடிலிங்கில்) முன்புறத்திலிருந்து கரகரவென்று ஒரு சத்தம் வரத் தொடங்கியது. ஜூன் 9 அன்று வண்டியைக் கொண்டுவந்தபோது, நான் ஒரு வாரம் கவனித்துக் குறித்துவைத்திருந்ததை உங்கள் சர்வீஸ் அட்வைசரிடம் விவரமாகச் சொன்னேன். சத்தம் சுமார் 800 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு எஞ்சின் சுழலும் எண்ணிக்கை) அளவில் மட்டுமே கேட்கிறது, ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்து 1,500ஐத் தாண்டினால் மறைகிறது, ஏ.சி. போட்டதும் கூடுகிறது. இவ்வளவையும் கேட்டுக்கொண்ட அவர், வாடிக்கையாளரின் புகாரைப் பதியும் ஜாப் கார்டில் "எஞ்சின் சத்தம்" என்ற இரண்டே சொற்களை எழுதினார். பிற்பாடு நடந்த தவறுகள் அனைத்தும் அங்கிருந்தே தொடங்கின என்று கருதுகிறேன்.

அன்று எஞ்சினை வண்டியுடன் பிணைத்து அதிர்வைத் தாங்கும் வலதுபுற எஞ்சின் மவுன்ட்டும் நான்கு ஸ்பார்க் பிளக்குகளும் மாற்றப்பட்டன; பில் தொகை 9,420 ரூபாய். மறுநாள் காலையிலேயே அதே சத்தம் கேட்டது. ஜூன் 23 அன்று மீண்டும் வந்தபோது, இந்த மாடலுக்கு இது சகஜம் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். ஜூலை 7 அன்று மூன்றாவது முறையாக வந்தபோதோ, எஞ்சின் வால்வுகளின் இயக்கத்தை ஒழுங்குபடுத்தும் டைமிங் செயினையும், அதை இறுக்கமாக வைத்திருக்கும் டென்ஷனரையும் மாற்ற வேண்டும் என்று 31,500 ரூபாய்க்கு மதிப்பீடு கொடுத்தார்கள். இரண்டு வாரங்களுக்கு முன் சகஜமாக இருந்த சத்தம் எப்படி இவ்வளவு பெரிய பழுதாயிற்று என்று கேட்டேன், யாரும் விளக்கவில்லை.

அந்த மதிப்பீட்டை ஏற்காமல், சிங்காநல்லூரில் உள்ள ஒரு சிறிய பட்டறைக்கு வண்டியை எடுத்துச் சென்றேன். அங்கிருந்த மெக்கானிக் நான் சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு, எஞ்சினை அணைத்து, மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டரையும் ஏ.சி. கம்ப்ரஸரையும் வாட்டர் பம்பையும் சுழற்றும் வெளிப்புற பெல்ட்டைக் கழற்றினார். எஞ்சினைக் குளிர்விக்கும் வாட்டர் பம்ப் சுழலாததால் நீண்ட நேரம் ஓட்டக் கூடாது என்று எச்சரித்துவிட்டு, அரை நிமிடம் மட்டும் எஞ்சினை ஓடவிட்டார். சத்தம் அடியோடு இல்லை. பிறகு எஞ்சினை அணைத்துவிட்டு ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றிப் பார்த்தபோது, பெல்ட்டின் பாதையைத் தாங்கும் ஐட்லர் புல்லி என்ற சக்கரத்தின் பேரிங் மட்டும் மணல் சிக்கியதுபோல் நெருடியது. அசைத்தால் ஆடவும் செய்தது. மொத்தம் 20 நிமிடங்கள் பிடித்தன. புதிய புல்லியும் கூலியும் சேர்த்து 1,650 ரூபாய். அன்றிலிருந்து வண்டி அமைதியாக ஓடுகிறது.

டைமிங் செயின் எஞ்சினுக்குள் இருப்பது. வெளிப்புற பெல்ட்டைக் கழற்றினாலும் அது ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஆகவே செயினிலிருந்து சத்தம் வந்திருந்தால், பெல்ட் இல்லாதபோதும் அது கேட்டிருக்க வேண்டும். ஏ.சி. போட்டதும் சத்தம் கூடியதற்குக் காரணம், கம்ப்ரஸரின் சுமை பெல்ட்டின் மீது ஏறியதே. ஐடிலிங்கில் ஒவ்வொரு சிலிண்டரிலும் எரிபொருள் எரியும்போது, எஞ்சினின் முக்கியச் சுழல் தண்டான கிராங்க் ஷாஃப்ட் சற்றே குலுங்கிச் சுழல்வதால் பெல்ட் அதிர்கிறது, தேய்ந்த பேரிங் கரகரக்கிறது. வேகம் கூடும்போது சுழற்சி சீராகிச் சத்தம் அடங்குகிறது. இதையெல்லாம் எனக்கு அந்த மெக்கானிக்தான் விளக்கினார். நான் முதல் நாளே சொன்ன மூன்று அறிகுறிகளில் ஏ.சி. பற்றிய ஒன்றை மட்டும் எழுதிவைத்திருந்தாலும், உங்கள் பணியாளர்கள் நேராக பெல்ட் பக்கம் போயிருப்பார்கள்.

என்னை மிகவும் கலங்கவைப்பது பணம் அல்ல. என் தாயாரைச் சிகிச்சைக்காக மாதம் ஒருமுறை குன்னூரிலிருந்து அழைத்துவருகிறேன். "சகஜம்" என்ற உங்கள் சொல்லை நம்பி ஜூன் 28 அன்று மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் அவரை வைத்து ஓட்டினேன். அந்தப் பேரிங் இறுகியிருந்தால் பெல்ட் அறுந்து, வாட்டர் பம்ப் நின்று, கொண்டை ஊசி வளைவுகளின் நடுவே எஞ்சின் கொதித்திருக்கும்.

எனவே, பழுதுக்குத் தொடர்பில்லாத பாகங்களுக்காக வசூலித்த 9,420 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும். கழற்றிய பழைய மவுன்ட்டை நான் கேட்டும் தரவில்லை. அது உண்மையில் பழுதடைந்திருந்தது என்பதற்கு ஆதாரம் இருந்தால் காட்டுங்கள். எந்தச் சோதனையின் அடிப்படையில் டைமிங் செயினை மாற்றப் பரிந்துரைத்தீர்கள் என்பதையும் எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்க வேண்டும். இனி வாடிக்கையாளர் சொல்லும் அறிகுறிகளை அவர் சொன்னபடியே ஜாப் கார்டில் பதிவு செய்யுமாறு பணியாளர்களுக்கு அறிவுறுத்தவும் கேட்டுக்கொள்கிறேன்.

15 நாட்களுக்குள் பதில் கிடைக்காவிட்டால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சேவைக் குறைபாடு என்ற அடிப்படையில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடுவேன்.

இப்படிக்கு,
வாகன உரிமையாளர்

இணைப்பு: ஜூன் 9 ஜாப் கார்டு, பில், ஜூலை 7 மதிப்பீடு, பட்டறை ரசீது ஆகியவற்றின் நகல்கள். கழற்றிய ஐட்லர் புல்லி என்னிடம் உள்ளது. நீங்கள் பார்வையிட விரும்பினால் நேரில் கொண்டுவருகிறேன்.