என் துவக்கைத் திருத்தித் தந்த ஊர்க்காரருக்கு

நல்லூர்க் கொடியேற்றத்துக்கு வந்தவன், தேரும் தீர்த்தமும் முடிந்து திரும்பப் போவதற்குள் இந்த மடலை எழுதிவிட வேண்டும் என்று இருந்தேன். நேரில் நன்றி சொன்னால் மூன்று பேருமே "சீ, இதுக்கெல்லாமோ" என்று கதையை மாற்றிவிடுகிறார்கள். அதனால் எல்லோரும் பார்க்கிற மாதிரியே எழுதுகிறேன். பேர் போடக்கூடாது என்று கட்டளை, ஆகவே மாஸ்டர், லேத் அண்ணை, தச்சு வேலை செய்கிற ஓடாவி ஐயா. கொக்குவில் பக்கத்து ஆட்களுக்கு யார் யாரென்று விளங்கும்.

விஷயம் ஒரு துவக்கு. பயப்பட வேண்டாம், அது கனடாவில் பூட்டிக் கிடக்கிறது. அங்கே வேலையிடத்துப் பெடியளோடு மான் வேட்டைக்குப் போய்ப் பழகி, பாதுகாப்பு வகுப்பும் சோதனையும் முடித்து அனுமதிப்பத்திரம் எடுத்து, போன வருடம் ஏப்ரலில்தான் சொந்தமாக ஒன்று வாங்கினேன். .308 வின்செஸ்டர் ரவை, அதாவது தோட்டா, போடுகிற போல்ட் அக்சன் றைபிள் (ஒவ்வொரு வெடிக்கும் போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ள வேண்டும்), வால்நட் மரம், பார்க்க நல்ல வடிவு. குறி பார்க்கிற ஸ்கோப்பைக் கடையிலேயே பூட்டித் தந்தார்கள்.

முதல் நாள் 100 யார் (கெஜம்) தூரத்தில் மூன்று வெடி. இரண்டு துளை ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு, மூன்றாவது நாலு அங்குலம் தள்ளி வலது பக்கம். சரி, என் கை பழகவில்லை என்று விட்டேன். அடுத்த கிழமை மூன்றும் ஒரு அங்குலத்துக்குள். அதற்கடுத்த கிழமை திரும்பவும் சிதறல். ஒரே மாதிரிப் பிழையாக அடித்தால் ஸ்கோப்பைத் திருப்பிச் சரிக்கட்டலாம். இது இன்றைக்கு ஒரு குணம் நாளைக்கு ஒரு குணம். ரவையில்தான் பிழை என்று நினைத்து குண்டின் நிறையை மாற்றி மாற்றி 150 கிரெயின், 165, 168, 180 என்று பெட்டி பெட்டியாக வாங்கினேன். அந்தக் காசை நினைத்தால் இப்பவும் வயிறு எரிகிறது. விற்றுவிடலாம் என்று இருந்தபோதுதான் அத்தான் இந்தக் கதையை ஊருக்கு எடுத்துச் சொல்ல, ஊர் எனக்குப் போன் எடுத்தது.

முதலில் எடுத்தது உயர்தர (ஏ.எல்.) வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பித்த மாஸ்டர். பென்சன் எடுத்து எத்தனையோ வருடம், குரல் மட்டும் அதே வகுப்பறைக் குரல். "மூண்டு வெடியை வச்சு என்னத்தையடா முடிவு கட்டுறாய்? மூண்டு வீட்டில கேட்டுப்போட்டு ஊரே இப்பிடித்தான் எண்டு சொல்லுவியோ?" என்று தொடங்கினார். கொப்பி ஒன்று போடச் சொன்னார். ஐந்து ஐந்தாகச் சுட வேண்டும், எந்தத் துளை எத்தனையாவது வெடி என்று கடதாசியில் இலக்கம் இட வேண்டும், திகதி, ரவை, குழல் சூடோ குளிரோ, வெயிலோ மழையோ எல்லாம் எழுத வேண்டும், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். காலநிலையை ஏன் எழுதுவான் என்று எனக்குள் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்புக்கும் சேர்த்துத்தான் மாஸ்டர் இந்த மடல்.

கண்ணை ஸ்கோப்புக்குப் பின்னால் ஒரே இடத்தில் வைக்கிறாயா என்று கேட்டதும் அவர்தான். பெருவிரலை நீட்டி ஒரு கண்ணை மூடிப் பார், தலையை அசைத்தால் விரல் சுவரில் இடம் மாறித் தெரியும், உன்ரை ஸ்கோப்பிலும் அதுதான் நடக்கும் என்றார். பத்தாம் வகுப்பில் படித்த இடமாறு தோற்றம்.

லேத் அண்ணை காங்கேசன்துறை (கே.கே.எஸ்.) வீதியில் வைத்திருக்கிற பட்டறையில் மோட்டார்சைக்கிள் சிலிண்டர் ஹெட்டுக்குத்தான் அதிகம் வேலை. துவக்கைத் தொட்டதே இல்லை. ஆனால் அவர் கேட்ட முதல் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை: "தம்பி, ஆணியள் எவ்வளவு இறுக்கம்?" கடைக்காரர் பூட்டினது, இறுக்கமாய்த்தான் இருக்கும் என்றேன். "ஆர் பூட்டினாலும் நீ ஒருக்கா பார்." உள்ளே ரவை இல்லை என்பதை இரண்டு தரம் பார்த்து, போல்ட்டை வெளியே எடுத்து வைத்த பிறகுதான் திருகக் கைவைக்க விட்டார், அதுவும் வீடியோவில் காட்டச் சொல்லி.

ஸ்கோப் வளையத்தைக் கழற்றினால் அடியில் துவக்கின் மேல் இருக்கும் அடித்தட்டு. அதன் முன் பக்கத்துப் பின்னாணியில் நட்சத்திரச் சாவியை வைத்தேன், விரல் நுனியால் தொட்டதும் அரைச் சுற்றுச் சுழன்றது. பலம் ஒன்றும் போடவில்லை. ஒவ்வொரு வெடிக்கும் அந்தத் தட்டு மயிரளவு அசைந்து அசைந்து உட்கார்ந்திருக்கிறது. மயிரளவு அங்கே, அங்குலக் கணக்கு 100 யாரில். எல்லா ஆணியையும் எடுத்து எண்ணெய்ப் பிசுக்குத் துடைத்து, தட்டின் ஆணிகளுக்கு மட்டும் புரிக்கு விடுகிற நீலப் பசை ஒரு துளி, பிறகு முறுக்கம் அளக்கிற சாவி வாங்கி வளையங்களுக்கு 18 அங்குல இறாத்தல், மாறி மாறிக் குறுக்காக. மரத்தையும் இரும்பையும் பிடிக்கிற இரண்டு பெரிய ஆணிகளையும் கைநூலில் சொன்ன அளவுக்கு இறுக்கினேன். ஹெட்டுக்கு இறுக்குகிற அதே ஒழுங்கு என்று அண்ணைக்கு ஒரே சந்தோசம்.

நாலரை அங்குலச் சிதறல் இரண்டரைக்கு வந்தது. முழுதாகத் தீரவில்லை. சில நாள் வடிவாக அடிக்கும், சில நாள் மூன்றாவது நாலாவது வெடியிலிருந்து இடம் பெயரும், எப்போதும் ஒரே பக்கம், வலது மேலே. இரண்டு மாதம் இதிலேயே போனது. குழலைச் செம்புக் கறை போகத் துடைத்தும் பார்த்தேன், பெரிய வித்தியாசம் இல்லை.

ஓடாவி ஐயாவிடம் இதை நான் கொண்டுபோகவே இல்லை. அக்கா வீட்டுக் கதவு செதுக்க வந்தவர், நான் வட்ஸ்அப்பில் புலம்புவதைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "மரமோ?" என்று ஒரு சொல். மரம்தான் ஐயா. "மழை நாளில மோசமோ?"

கொப்பியை எடுத்தேன். மாஸ்டர் எழுதச் சொன்ன அந்தக் காலநிலை வரிசை. வலது பக்கம் தள்ளின ஏழு நாளில் ஆறு நாள் ஈரம். மாரியில் இறுகிற கதவுக்கு என்ன செய்வோம் என்று ஐயா கேட்டார், கடதாசியை இடுக்கில் விட்டு எங்கே பிடிக்கிறது என்று பார்ப்போம், அதையே செய் என்றார்.

செய்தேன். குழலுக்கும் மரத்துக்கும் இடையில் ஒரு துண்டுக் கடதாசியை முன் நுனியில் விட்டுப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு போனால், கொஞ்சத் தூரம் வழுக்கிக்கொண்டு வந்தது, முன்கட்டையின் நடுவுக்குக் கிட்ட இடது பக்கம் டக்கென்று நின்றது. குழல் அங்கே மரத்தில் முட்டுகிறது. மரத்தைக் கழற்றிப் பார்த்தால் வெளியே கண்ணாடி போல மினுக்கம், குழல் படுக்கிற வாய்க்காலுக்குள் ஒரு சொட்டு வார்னிஷ் கிடையாது. ஐயா வீடியோவைப் பார்த்துவிட்டு, "வெளியில பவுடர் பூசிப்போட்டு உள்ளுக்குப் பச்சையா விட்டிருக்கிறாங்கள்" என்றார். ஈரத்தை உறிஞ்சி வீங்கினால் குழலைத் தள்ளும், காய்ந்தால் விடும், சூடேறினாலும் குழல் மரத்தோடு மல்லுக்கட்டும். இசைக்கவையை விரலால் தொட்டால் சத்தம் செத்துப்போகுதில்லையோ, வெடிக்கிற நேரம் குழலும் அதிருகிறது, ஒரு நாள் தொடுகிறது ஒரு நாள் தொடவில்லை என்றால் எப்படியடா ஒரே இடத்தில் அடிக்கும் என்று மாஸ்டர் பிறகு விளங்கப்படுத்தினார்.

உருளைத் தடியில் அரத்தாள் சுற்றி வாய்க்காலைத் தேய்த்தேன். ஐயாவின் ஒரே புத்திமதி, "அவசரப்படாதை, மரத்தை எடுக்கலாம், திருப்பி வைக்கேலாது." கடதாசியை இரண்டாக மடித்து விட்டாலும் தடையில்லாமல் போகிறவரை தேய்த்து, உள்ளே மூன்று பூச்சு வார்னிஷ் அடித்தேன். அடுத்த கிழமை, நல்ல தூறல் நாள், ஐந்து வெடியும் ஒன்றேகால் அங்குலத்துக்குள். கடையில் வாங்குகிற ரவைக்கு அது எனக்குத் தாராளம்.

அக்காவுக்கும் ஒரு நன்றி. பழைய ஜீன்சில் அவள் தைத்து அனுப்பின இரண்டு பைக்கு மண் நிரப்பித்தான் துவக்கின் பின் பக்கத்தை வைக்கிறேன். முன்னர் கை முட்டியை வைத்து ஆட்டிக்கொண்டிருந்தேன்.

அம்மாவுக்கு இந்தக் கதை ஒன்றும் பிடிக்கவில்லை. வெடிச் சத்தம் அவவுக்கு என்ன என்று இந்த ஊரில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. நான் சுடுகிற வீடியோவை ஒரு நாளும் சத்தத்தோடு பார்த்ததில்லை. ஆனால் மற்றவர்கள் கூடிக் கதைத்த நாளெல்லாம் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தது அவதான்.

இந்த முறை நான் சுட்ட கடதாசி நாலைப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தேன். பட்டறையில் வாங்கின் மேல் விரித்தோம். லேத் அண்ணை கலிப்பரை எடுத்துத் துளை துளையாக அளந்தார். ஓடாவி ஐயா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒன்றும் சொல்லாமல் நெடுநேரம் பார்த்தார். மாஸ்டர் சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனையை எடுத்து மூன்று கடதாசிக்குச் சரி போட்டார். நாலாவதில் ஒரு வட்டம் கீறி, பக்கத்தில் எழுதினார்: திகதி எங்கே?