நாய் விஷயமா ஒரு வார்த்தை

கண்ணா,

போன்ல பேசினா நீ பாதியிலயே "அம்மா உனக்கு புரியாது"ன்னு வெட்டிடுவ, அதனாலதான் எழுதுறேன். ராத்திரி தூக்கம் கெட்டவனுக்கு காலையில யாரு என்ன சொன்னாலும் எரிச்சலா இருக்கும், மத்தியானத்துக்கு மேல படி போதும்.

நாய், மோட்டார், சனிக்கிழமை பாட்டுன்னு ராத்திரி சத்தம் தாங்கலம்மா, பக்கத்து தோட்டத்துக்காரர் மேல கம்ப்ளைண்ட் டைப் பண்ணி வச்சிருக்கேன், அனுப்பவான்னு கேட்டல்ல. இப்ப அனுப்பாத. அனுப்பவே கூடாதுன்னு சொல்லல, இப்ப வேணாம்ங்கிறேன். ஏன்னு சொல்ல கொஞ்சம் சுத்தி வரணும், வேற வழியில்ல, காலமெல்லாம் பசங்களுக்கு பிசிக்ஸ் சொல்லிக்குடுத்த வாய் இது.

மெயின் ரோட்டு மேல குடியிருந்தப்ப கும்பகர்ணன் மாதிரி தூங்கின மனுஷன் இங்க ஒரு நாய் குலைச்சா எழுந்து உக்காந்துக்கிறாருன்னு உன் பொண்டாட்டி சிரிக்கிறா. சிரிக்கட்டும், ஆனா உனக்கு வந்திருக்கிறது கற்பனை இல்ல. டவுன்ல ராத்திரியிலயும் ஏதோ ஒரு இரைச்சல் அடியில ஓடிக்கிட்டே இருக்கும், வண்டி, ஃபேன், யாரோ வீட்டு ஏசி, எல்லாம் கலந்து ஒரு 45, 50 டெசிபல், சத்தத்த அளக்குற அளவு அது. ஜன்னல் வரைக்கும் 40 டெசிபல்ல வந்து சேர்ற நாய் குரல் அதுல முங்கி போயிடும், இருந்ததே தெரியாது. நீ இப்ப குடிபோயிருக்கிற மாதிரி கிராமத்துல காத்து அடிக்காத ராத்திரியில சுத்தி இருக்கிறதே 20லருந்து 30 டெசிபல்தான். அதே நாய், அதே 40, ஆனா இப்ப அது மட்டும்தான் கேக்குது. 10 டெசிபல் கூடினா காதுக்கு ஏறக்குறைய ரெண்டு மடங்கு சத்தமா தெரியும், அப்ப நீயே கணக்கு போட்டுக்கோ. நீ எதை தேடி போனியோ அந்த அமைதிதான் அந்த நாய்க்கு மைக் பிடிச்சு குடுக்குது.

பகல்ல கேக்காத மோட்டார் சத்தம் ராத்திரியில மட்டும் எப்படி தலைமாட்டுல கேக்குதுன்னு கேட்டியே, வேணும்னே ராத்திரி ஏதோ பண்றான்னு கூட சந்தேகப்பட்ட. அவன் ஒன்னும் பண்ணல, காத்துதான் பண்ணுது. பகல்ல வெயில்ல தரை சூடாயிடும், தரைக்கு பக்கத்துல சூடான காத்து, மேல போக போக குளிர்ந்த காத்து. சத்தம் சூடான காத்துல வேகமா போகும், அதனால பகல்ல அது மேல பாத்து வளைஞ்சு வானத்துக்கு போயிடுது, தூரத்துல நிக்கிறவனுக்கு பெருசா ஒன்னும் வராது. மேகம் இல்லாம காத்தும் இல்லாம இருக்கிற ராத்திரியில இது அப்படியே தலைகீழ், தரை சீக்கிரம் குளிர்ந்துடும், மேல சூடு தங்கிடும், சத்தம் திரும்ப கீழயே வளைஞ்சு வரும். ஒரு கிலோமீட்டர் தள்ளி ஓடுற மோட்டார் கூட உன் கட்டிலுக்கு வந்து சேரும். அதனாலதான் சில நாள் பயங்கரமா இருக்கு சில நாள் ஒன்னுமே இல்லன்னு நீ சொல்றது. அவர் மோட்டார கூட்டி குறைச்சு ஒன்னும் விளையாடல, அன்னிக்கு வானம் எப்படி இருந்துச்சுங்கிறதுதான் விஷயம்.

அவர் பையன் சனிக்கிழமை போடுற பாட்டு கதையும் இதே மாதிரிதான். பாட்டு கேட்டா கூட பரவாயில்லம்மா, வெறும் தும் தும் தும்முன்னு மட்டும் வருதுன்னு சொன்ன. மேல் ஸ்தாயி சத்தத்த காத்தும் சுவரும் வழியிலயே தின்னுடும். பேஸ், அதான் அந்த கீழ் ஸ்தாயி தும் தும், அது மட்டும்தான் தூரத்த தாண்டி, சுவரையும் தாண்டி உள்ள வரும். அதுக்கு ஜன்னல சாத்தினாலும் பெரிய பிரயோஜனம் இல்ல. ஆனா ஒன்னு பண்ணலாம், கட்டில அந்த மூலையிலருந்து நகத்திப் பாரு. பேஸ் அலை ரூமுக்குள்ள சுவர்ல முட்டி திரும்பி, மூலைங்கள்லயும் சுவரோரத்துலயும்தான் பலமா தங்கும், ரூமுக்கு நடுவுல சில இடத்துல நல்லாவே குறையும். காசு செலவில்லாத வேலை. நீ என்னடான்னா வேலி ஓரமா வரிசையா செடி வைக்கப் போறேன்னு நர்சரிக்கு போயிட்டு வந்திருக்க. செடி வை, கண்ணுக்கு குளிர்ச்சியா இருக்கும், ஆனா ஒத்த வரிசை செடி சத்தத்த தடுக்கும்னு மட்டும் நம்பாத. இலைக்கு நடுவுல எல்லாம் காத்துதானடா. மரத்தால சத்தம் குறையணும்னா பல மீட்டர் ஆழத்துக்கு அடர்த்தியா காடு மாதிரி நிக்கணும். சந்து பொந்து இல்லாத கெட்டி சுவருன்னா வேலை செய்யும், அதுவும் சத்தம் வர்ற இடத்துக்கு ஒட்டியோ இல்ல உனக்கு ஒட்டியோ இருக்கணும், நடுவுல எங்கயோ கட்டினா அந்த அளவுக்கு பலன் இல்ல. செங்கல் வாங்குற காசுக்கு முதல்ல பெட்ரூம் ஜன்னல் ஓரத்துல இருக்கிற இடைவெளிய அடை.

சரி, நாய்க்கு வர்றேன், உன்னோட நிஜ எதிரி அதுதானே.

நாய் வச்சிருக்கிறவங்கள்ல நிறைய பேருக்கு தன் நாய் ஊளையிடுறதே தெரியாது, இத நல்லா மனசுல வச்சுக்கோ. அவர் வீட்ல இருக்கும்போது அது கால்கிட்ட படுத்து கிடக்கும். அவர் கிளம்பி வண்டி சத்தம் மறைஞ்சதும் ஆரம்பிக்கும், திரும்பி வர்ற வண்டி சத்தம் கேட்டதும் நிறுத்திடும். தனியா விட்டா பயம், சலிப்பு, கட்டிப் போட்ட கோபம், அதுக்கு தெரிஞ்ச பாஷை அதுதான். நீ போய் உங்க நாய் மணிக்கணக்கா கத்துதுன்னு சொன்னா அவர் மனசார நீ பொய் சொல்றன்னுதான் நினைப்பாரு, எங்க பையன் பரம சாதுன்னுவாரு. அதனால போன்ல ரெக்கார்ட் பண்ணு, எந்த நாள் எத்தன மணிக்கு ஆரம்பிச்சுது எப்ப நின்னுச்சுன்னு எழுதி வை. டெசிபல் காட்டுற ஆப் எல்லாம் போட்டுக்கிட்டு அவர்கிட்ட நம்பர் காட்டி சண்டைக்கு நிக்காத, போன் மைக் அளவு சரிபார்த்த கருவி இல்ல, ஏறத்தாழதான் சொல்லும். நேரம்தான் முக்கியம். நேரத்த பாத்தா அவருக்கே விளங்கிடும், அட இது நான் வேலைக்கு போற நேரமாச்சேன்னு.

போகும்போது எப்படி போகணும்னு உனக்கு சொல்லித்தர வேண்டியதில்லன்னுதான் நினைக்கிறேன், இருந்தாலும் சொல்றேன். நாய் கத்திக்கிட்டு இருக்கும்போது போகாத, நீயும் கத்துவ. வேற ஒரு நாள் பகல்ல போ. உங்க நாய் தொல்லைன்னு ஆரம்பிக்காம, நீங்க இல்லாத நேரத்துல அது ரொம்ப அழுவுதுங்க, உங்களுக்கு தெரியுமோ தெரியாதோன்னு சொல்ல வந்தேன்னு ஆரம்பி. இது நடிப்பு இல்லடா, உண்மையும் அதுதான். அவர் உன்னவிட வயசுல பெரியவரு, அண்ணேன்னு கூப்பிட்டா உன் வாய் வலிக்காது. கிளம்பும்போது போன் நம்பர் வாங்கிக்கோ, உன் நம்பரையும் குடு.

இந்த போன் நம்பர்தான் நான் இவ்வளவு தூரம் சுத்தி வந்ததுக்கு காரணம். 1960கள் கடைசியில அமெரிக்காவுல டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர்னு ரெண்டு சைக்காலஜிக்காரங்க ஒரு சோதனை பண்ணாங்க. ஆளுங்கள உக்கார வச்சு எப்ப வரும்னே தெரியாத மாதிரி விட்டு விட்டு பெரிய சத்தம் குடுத்தாங்க. ஒரு பாதி பேர்கிட்ட மட்டும் ஒரு பட்டன காட்டி, தாங்க முடியலன்னா அமுக்குங்க சத்தம் நின்னுடும், ஆனா அமுக்காம இருந்தா எங்களுக்கு நல்லதுன்னு சொல்லிட்டாங்க. அவங்களும் அமுக்கல. ரெண்டு பாதியும் கேட்டது ஒரே சத்தம், ஒரே அளவு. ஆனா பின்னாடி புதிர் போட சொன்னப்பவும் எழுத்துப்பிழை கண்டுபிடிக்க சொன்னப்பவும், பட்டன் இருந்தவங்க சலிக்காம வேலை செஞ்சாங்க, பட்டன் இல்லாதவங்க சீக்கிரம் கைய விட்டுட்டாங்க. சத்தத்தவிட, அத ஒன்னும் பண்ண முடியலயேங்கிறதுதான் ஆள கொல்லுது. நீ ராத்திரி ரெண்டு மணிக்கு சீலிங்க பாத்துக்கிட்டு படுத்திருக்கும்போது உன்ன அரிக்கிறது என்னன்னு யோசிச்சு பாரு, இப்ப நிக்குமா இன்னும் ஒரு மணி நேரம் ஓடுமா, நாளைக்கும் இதேதானாங்கிற நினைப்புதானே? அவர் நம்பர் உன் போன்ல இருந்தா, சனிக்கிழமை பாட்டு பத்தரை வரைக்கும்தான்னு அவர் பையன் வாயால சொல்லியிருந்தா, அதே தும் தும் ஓடும்போதும் நீ புரண்டு படுத்து தூங்கிடுவ. அந்த பட்டன நீ அமுக்கவே வேணாம், இருந்தா போதும்.

கம்ப்ளைண்ட் இப்ப வேணாம்னு சொன்னதும் அதுக்குத்தான். அது போன பிறகு பட்டன் உன் கையில இருக்காது, ஏதோ ஒரு ஆபீசர் கையில இருக்கும். கோர்ட்டு எந்த பக்கம் சாயும்னும் சொல்ல முடியாது. இங்கிலாந்துல 1879ல ஒரு தீர்ப்பு, இருபது வருஷத்துக்கு மேல உரல்ல இடிச்சு தொழில் பண்ண மிட்டாய்க்காரர் ஒருத்தர் மேல, பக்கத்துல இருந்த டாக்டர் தன் தோட்டத்து கடைசியில புதுசா ஒரு கன்சல்டிங் ரூம் கட்டிக்கிட்டு சத்தம்னு கேஸ் போட்டாரு, டாக்டர்தான் ஜெயிச்சாரு. பின்னாடி வந்தவன்னாலும் கேக்கலாம்னு ஆச்சு. பிரான்ஸ்ல 2019ல நேர்மாறு, ஒலெரோன் தீவுல மோரிஸ்னு ஒரு சேவல், விடியறதுக்குள்ள கூவுதுன்னு லீவுக்கு வந்து தங்குற பக்கத்து வீட்டுக்காரங்க கேஸ் போட்டாங்க, சேவல் ஜெயிச்சிடுச்சு, கேஸ் போட்டவங்கதான் 1000 யூரோ கட்ட வேண்டியதாச்சு. 2021ல கிராமத்து சத்தமும் வாசனையும் நாட்டோட பாரம்பரியம்னு சட்டமே போட்டுட்டாங்க. இன்னொன்னு, நாளைக்கு வீட்ட வித்துட்டு போயிடலாம்னு ஒரு நினைப்பு உனக்கு உள்ளுக்குள்ள ஓடுது, எனக்கு தெரியும். எழுத்துல தகராறு ஏறிட்டா சில இடத்துல அதையும் வாங்குறவங்ககிட்ட சொல்லியாகணும், இங்கிலாந்துல வீடு விக்கிற பாரம்லயே அக்கம்பக்கத்து தகராறு இருக்கான்னு கேள்வி இருக்கு.

சேவல்னதும் ஞாபகம் வந்துச்சு, அவங்க சேவல பத்தி மட்டும் எதுவும் கேக்காத. வெளிச்சம் பாத்து கூவுதுன்னு நினைச்சு இருட்டுல அடைக்க சொல்லலாம்னு பாக்காத, ஜப்பான்ல நாகோயா யுனிவர்சிட்டிக்காரங்க 2013ல பாத்துட்டாங்க, நாள் முழுக்க ஒரே மங்கல் வெளிச்சத்துல வச்சாலும் அது உடம்புக்குள்ள இருக்கிற கடிகாரப்படி கூவத்தான் செய்யுது. அறுவடை நேரத்து டிராக்டரையும் விட்டுடு, அவருக்கு அது பொழப்பு, மழை வர்றதுக்குள்ள முடிச்சாகணும், ராத்திரியும் ஓடத்தான் ஓடும். விட வேண்டியத விட்டாதான் நாய், பாட்டு, மோட்டார்னு கேக்க வேண்டியத கேக்கும்போது ஒரு மரியாதை இருக்கும். மோட்டாருக்கு அடியில ரப்பர் திண்டு வச்சா அதிர்வு தரையில இறங்குறது குறையும், நானே வாங்கித் தர்றேண்ணேன்னு சொல்லு, பெரிய செலவில்ல.

அப்புறம் நீ போன வருஷம் மாட்டின ஏசி, அதோட வெளி யூனிட் எந்த பக்கம் பாத்து நிக்குதுன்னு ஒரு தடவை வெளிய போய் பாரு. எனக்கு ஞாபகம் இருக்கிற வரைக்கும் அவர் பெட்ரூம் பக்கம்தான். அவர் இது வரைக்கும் ஒரு வார்த்தை சொல்லல.

இவ்வளவும் பண்ணி, பேசி, ரெண்டு மூனு வாரம் பொறுத்தும் ஒன்னும் மாறலன்னா தாராளமா எழுது, நானே திருத்தித் தர்றேன். பெட்ரூமுக்குள்ள ராத்திரி 30 டெசிபல தாண்டக்கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனம் 1999லயே சொல்லியிருக்கு, நீ கேக்குறது ஒன்னும் அதிகப்படி இல்ல. ஆனா அதுல ஆள பத்தி ஒரு வார்த்தை இருக்கக்கூடாது, தேதி, நேரம், என்ன சத்தம், எப்ப போய் பேசினேன், அவர் என்ன சொன்னாரு, இவ்வளவுதான். இப்ப எழுதி வச்சிருக்கியே "திமிர் பிடிச்ச"ன்னு ரெண்டாவது வரியில, அத முதல்ல அழி.

அப்பா நல்லா இருக்காரு. உன் பொண்டாட்டிகிட்ட நான் சிரிச்சேன்னு சொல்லாத.

அம்மா

பின்குறிப்பு: காதுல வைக்கிற நுரை பிளக் வேலை செய்யலன்னு சொன்னியே, நீ சும்மா நுழைச்சிருப்ப. விரல்ல உருட்டி மெல்லிசாக்கி, இன்னொரு கையால காத மேலயும் பின்னாலயும் இழுத்து பிடிச்சுக்கிட்டு உள்ள வை, அது விரியுற வரைக்கும் விரலால அழுத்தி பிடி. நாய் குலைக்கிற சத்தத்த நல்லா குறைக்கும், அந்த தும் தும்ம மட்டும் அவ்வளவா குறைக்காது.