ஐந்தரைக் கட்டையும் ஓர் அரைமணி நேரமும்

அங் மோ கியோ,
சிங்கப்பூர்.

அன்பு மகளுக்கு,

நீ சென்ற வாரம் அனுப்பியிருந்த மின்னஞ்சலையும் அதனுடன் இருந்த கால அட்டவணையையும் அப்பா அச்செடுத்துக் கொடுத்தார்; கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தேன். மெல்பர்னில் சனிக்கிழமை காலை ஒன்பது மணி முதல் பன்னிரண்டு மணி வரை ஒரு சமூகக் கூடத்தை வாடகைக்கு எடுத்திருக்கிறாய், 18 பிள்ளைகள் பெயர் கொடுத்திருக்கிறார்கள், வயதுவாரியாக ஆறு ஆறு பேராகப் பிரித்து மூன்று கர்நாடக சங்கீத வகுப்புகள் நடத்தப் போகிறாய் என்பதைப் படித்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை விரித்து எழுதினால் கடிதம் அதிலேயே முடிந்துவிடும். கட்டணத்தை எப்படி வாங்குவது, பெற்றோர் முதல் மாதத்திலேயே முழுப் பாட்டு வேண்டும் என்று கேட்டால் என்ன சொல்வது, ஆண்டுவிழா நடத்தலாமா என்று மூன்று கேள்விகள் கேட்டிருந்தாய். மூன்றுக்கும் எழுதுகிறேன். ஆனால் உன் அட்டவணையைப் பார்த்ததும் அப்பா சொன்னது ஒன்று உண்டு: "இதில் ஒரு நிமிடம்கூடக் காலியாக இல்லையே." நீ கேட்காத அந்த விஷயத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதத்தில் அதிகம் எழுதப் போகிறேன்.

கட்டணத்தை மாதக் கணக்கில் வாங்காதே, பள்ளித் தவணைக் (பருவக்) கணக்கில் முன்பணமாக வாங்கு. 1994இல் நான் இந்த வீட்டில் வகுப்புத் தொடங்கியபோது எனக்கு வாடகைக் கவலை கிடையாது. வீட்டில் நடத்தினால் ஒரே நேரத்தில் மூன்று பிள்ளைகளுக்கு மேல் வைத்துக்கொள்ள வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) விதி இடம்தராது என்பது உனக்கும் தெரியும். ஆகவே பிள்ளைகள் கூடியபோது சிராங்கூன் சாலைக்கு அருகில் ஒரு கடைவீட்டின் மாடியில் அறை எடுத்தோம். வாடகை பன்னிரண்டு மாதமும் போய்க்கொண்டிருந்தது. பள்ளி ஆண்டோ பத்துப் பத்து வாரமாக நான்கு தவணை, ஆக 40 வாரம்தான். ஜூன் விடுமுறையிலும் ஆண்டிறுதி விடுமுறையிலும் பாதிப் பிள்ளைகள் தமிழ்நாட்டுக்குப் போய்விடுவார்கள். "வராத மாதத்துக்கு எதற்குக் கட்டணம்" என்று கேட்பவரிடம் என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் முதல் இரண்டு ஆண்டுகளில் நான் கைப்பணத்தைப் போட்டேன். அங்கேயும் பள்ளிகளில் நான்கு தவணைதான் என்பதால் இது உனக்குச் சுலபம்.

பாட்டு வேண்டும் என்று கேட்கும் பெற்றோரைக் குறைசொல்ல மாட்டேன். பாட்டனாரும் பாட்டியும் ஊரிலிருந்து காணொளியில் கேட்க வேண்டுமே என்ற ஆசை அது. அவர்களில் யாருக்காவது பியானோ தெரிந்திருந்தால், மாயாமாளவகௌளை ராகத்தின் எட்டு ஸ்வரங்களை அதில் வாசித்துக் காட்டு: ச முதல் ம வரை உள்ள இடைவெளிகள் எப்படி அமைந்திருக்கின்றனவோ, ப முதல் மேல் ச வரையும் அப்படியே அமைந்திருக்கின்றன, ஒரு பாதியைக் காதில் வாங்கிய பிள்ளைக்கு மறு பாதி இலவசமாகக் கிடைக்கிறது. புரந்தரதாசர் வகுத்துத் தந்ததாக நாம் போற்றும் பாடமுறை ஏன் இந்த ராகத்தில் தொடங்குகிறது என்பது அப்போது அவர்களுக்குச் சொல்லாமலே விளங்கிவிடும். முதலில் ஸ்வரப் பயிற்சிகளான சரளி, ஜண்டை, தாட்டு வரிசைகள், ஏழு அலங்காரங்கள், அதன் பிறகு கீதம் என்ற எளிய பாட்டு; இந்த ஒழுங்கை மாற்றாதே. மாதம் ஒரு நாமாவளி, சின்னப் பக்திப் பாட்டு, சொல்லிக்கொடுத்தால் பாட்டி சமாதானமாகிவிடுவார். உயர்நிலைப் பள்ளியில் நேரடிச் சேர்க்கைக்குக் காட்ட ஒரு சான்றிதழ் கிடைக்குமா என்று கேட்டு வருகிறவர்கள் இங்கே ஒரு தனி வகை. அந்தத் தொல்லை உனக்கு அங்கே இல்லாமலிருக்கட்டும்.

ஆண்டுவிழாவைப் பற்றி எழுத வந்தால் 2003ஆம் ஆண்டுக்குப் போக வேண்டியிருக்கிறது. உனக்கு அப்போது ஒன்பது வயது. வெள்ளிக்கிழமை மாலை வகுப்பில் உனக்குப் பின்வரிசையில் உட்கார்ந்த அந்த அண்ணனை நீ மறந்திருக்க மாட்டாய்; பெயர் வேண்டாம். ஏழு வயதில் சேர்ந்தவன். ஒருமுறை கேட்டால் போதும், பாட்டின் நெளிவு சுளிவு அவன் குரலில் அப்படியே உட்காரும். தொடக்கநிலை ஆறாம் வகுப்பில், தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வுக்காக, ஜனவரியில் வகுப்பை நிறுத்தினார்கள். இந்த ஊரில் பாட்டு, நடனம், மிருதங்கம் எல்லாம் நின்றுபோகும் ஆண்டு அதுதான் என்பதால் நானும் மறுத்துப் பேசவில்லை. தேர்வெல்லாம் முடிந்து நவம்பரில் திரும்பி வந்தான். ஓர் அடி வளர்ந்ததுபோல இருந்தான். ஜனவரியில் தியாகராஜ ஆராதனைக்கு நம் பிள்ளைகள் தியாகராஜரின் ஐந்து கீர்த்தனைகளான பஞ்சரத்னம் பாட ஒப்புக்கொண்டிருந்த நேரம்.

அந்தப் பத்து மாதத்தில் அவனுக்கு மகரக்கட்டு, அதாவது வளரும் வயதில் குரல் உடைவது, வந்திருந்தது. எனக்கு அது தெரியாதா என்றால், தெரியும். தஞ்சாவூரில் நான் கற்ற நாள்களிலேயே என் குரு அந்தச் சொல்லைச் சொல்லி, அந்த வயதுப் பையன்களை மெல்லப் பாடவைக்க வேண்டும் என்று எச்சரித்திருக்கிறார். பெண்பிள்ளைகளுக்கும் அந்த வயதில் குரல் சற்று இறங்கும், ஆனால் பையன்களுக்கு ஏறக்குறைய ஒரு ஸ்தாயியே, ச முதல் மேல் ச வரையுள்ள அளவே, இறங்கிவிடும். அதுவும் ஒரே நாளில் இறங்கி அமர்ந்துவிடாது, மாதக்கணக்கில் உடைந்தும் ஒட்டியும் அலைக்கழிக்கும். நம் வகுப்பின் சுருதிப்பெட்டியோ வழக்கம்போல ஐந்தரைக் கட்டை என்ற உயர்ந்த சுருதியில் நின்றது. அந்தச் சுருதியின் மேல் ஷட்ஜமம், அதாவது மேல் ச, அவனுக்கு எட்டவில்லை. ஒரு ஸ்தாயி இறக்கிப் பாடலாம் என்றால் கீழே குரல் காற்றாகப் போயிற்று. ஒன்று அல்லது ஒன்றரைக் கட்டையில் அவனைத் தனியாக உட்காரவைத்திருந்தால் ஆறு மாதத்தில் குரல் இடம் கண்டிருக்கும். நான் என்ன செய்தேன்? "தொண்டையைத் திறந்து பாடு" என்றேன். இரண்டாம் வாரம் கடைசி வரிசைக்கு மாற்றினேன். ஏன் என்று இன்று என்னையே கேட்டுக்கொண்டால், தனியாக உட்காரவைக்க அறையில் நேரம் இல்லை என்பதே நேர்மையான பதில். வெள்ளிக்கிழமை நான்கு மணி முதல் ஒன்பது மணி வரை ஐந்து வகுப்புகளை நெருக்கியடித்து வைத்திருந்தேன், உன் அட்டவணையைப் போலவே. இன்னும் ஒரு மணி நேரம் அறையை எடுத்தால் அந்த மாத வரவு செலவு புரண்டுவிடும் என்று பயந்தேன்.

ஒத்திகை முடிந்து எம்ஆர்டி ரயிலில் திரும்பும்போது நீ சொன்னாய்: "அம்மா, அண்ணா பாடவே இல்லை. வாயை மட்டும்தான் அசைக்கிறார்." நான் உன்னை அதட்டினேன். ஆராதனை நன்றாகவே நடந்தது. நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று ஐந்தும் ஒரே குரலாக ஒலித்ததாக வந்தவர்கள் பாராட்டினார்கள். (வராளியைக் குரு நேரே சொல்லிக்கொடுத்தால் குருவுக்கும் சீடருக்கும் ஆகாது என்ற பழைய வழக்கத்தை மதித்து, ஒலிநாடாவைப் போட்டுவிட்டு நான் சமையலறைக்குப் போய்விடுவேன், நீங்கள் எல்லாரும் கேட்டே கற்றீர்கள். ஒரு ராகத்துக்காக இவ்வளவு பயந்த நான், கண்ணெதிரே பிரிந்துகொண்டிருந்த ஒரு சீடனைக் கவனிக்கவில்லை.) பிப்ரவரியில் அவன் வரவில்லை. அவனுடைய அம்மா தொலைபேசியில், "உயர்நிலை ஒன்றில் பாடம் அதிகம், டீச்சர்" என்றார். நானும் நம்பியதுபோலக் கேட்டுக்கொண்டேன்.

ஆண்டுவிழா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மேடை இல்லாவிட்டால் பிள்ளைகளுக்கு வேகம் வராது. ஆனால் எல்லாரும் சேர்ந்து பாடுகிற நிகழ்ச்சி மட்டும் வைத்தால் சுருதி பெரும்பான்மையினுடையதாகிவிடும். எனவே மூன்று பேர், நான்கு பேராகப் பிரித்து, அந்தந்தக் குழுவுக்குச் சுருதியை மாற்றிப் பாடவை. குழுவுக்குக் குழு இடையில் இரண்டு நிமிடம் மேடை சும்மா இருக்கும், அவ்வளவுதான்.

இனி அந்த அரைமணி நேரம். 2004இல் அப்பாதான் கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஐந்து வகுப்புகளையும் ஐம்பது நிமிடமாகக் குறைத்து, மீந்த நேரத்தில் யாருக்கும் எழுதிக்கொடுக்காத அரைமணியை ஒவ்வொரு வெள்ளியும் ஒதுக்கினார். அதற்கான வாடகையை ஒரு பிள்ளையின் தலையில் கட்டாமல் எல்லாருடைய கட்டணத்திலும் பரப்பினார். ஆளுக்குச் சில டாலர்தான் கூடியது, யாரும் கேள்வி கேட்கவில்லை. மகரக்கட்டுப் பையன், நோய்க்குப் பின் குரல் எழும்பாத பெண், ஊருக்குப் போய்வந்து பாடம் பின்தங்கியவர் என யாராவது ஒருவர் அந்த நேரத்தில் இருந்துகொண்டே இருப்பார். யாரும் இல்லாத வெள்ளிகளில் நான் காபி குடித்திருக்கிறேன். அதையும் வீண் என்று எண்ணியதில்லை. 1949இலிருந்து நடந்துவரும் சிஃபாஸ் (சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகம்) போன்ற நிறுவனத்தில் ஆசிரியர் பலர் உண்டு, ஒருவர் வகுப்பிலிருந்து இன்னொருவர் வகுப்புக்குப் பிள்ளையை மாற்றலாம். ஒற்றை ஆசிரியரும் ஒற்றை அறையும் கொண்ட நம்மைப் போன்றவர்களுக்கு மாற்றுவதற்கு நேரம் ஒன்றுதான் இருக்கிறது. உன் மூன்று மணி நேரத்தில் ஐம்பது நிமிடமாக மூன்று வகுப்பு என்றால் 150 நிமிடம். மிச்சம் அரைமணி தானாகவே கிடைக்கிறது. அதைப் பதினெட்டுப் பேருக்குப் பிறகு பெயர் கொடுக்க வரும் பத்தொன்பதாம் பிள்ளைக்குக் கொடுத்துவிடாதே. கேட்பார்கள்.

அரைமணி இருந்தும் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டதாக நினைத்துவிடாதே. 2020 ஏப்ரலில் சர்க்யூட் பிரேக்கர் என்ற கொரோனா முடக்கம் தொடங்கி வகுப்புகள் ஸூமுக்குப் போனபோது எவ்வளவு புலம்பினேன் என்று உனக்கு நினைவிருக்கும். ஒலி தாமதமாக வருவதால் சேர்ந்து தாளம் போட முடியவில்லை. நிலையாக ஒலிக்கும் தம்புராவை அந்தச் செயலி இரைச்சல் என்று எண்ணி விழுங்கிவிட்டது. நீதான் அந்த அமைப்பை மாற்றக் கற்றுக்கொடுத்தாய். வேறு வழியின்றி மற்றவர்களின் ஒலியை அடைத்துவிட்டு ஒவ்வொருவராகப் பாடச் சொன்னேன். அப்போதுதான், இரண்டு ஆண்டுகளாகக் கூட்டத்தோடு அலங்காரம்வரை வந்துவிட்ட மூன்று பேர் சுருதியில் சேரவே இல்லை என்பது தெரிந்தது. பக்கத்தில் இருப்பவர் குரலைப் பிடித்துக்கொண்டு ஒப்பேற்றியிருக்கிறார்கள். அவர்களில் ஒரு பெண்ணுக்குச் சுருதியை நாலரைக் கட்டைக்கு இறக்கியதும் இரண்டே வாரத்தில் சேர்ந்துவிட்டாள். அவள் தவறே செய்திருக்கவில்லை. இப்போது எந்த வகுப்பிலும் முதல் பத்து நிமிடம், ஆளுக்கு ஒரு வரிசை, தனித்தனியாகத்தான்.

ஆகவே முதல் சனிக்கிழமை பாடம் தொடங்காதே. ஆளுக்கு ஐந்து நிமிடம் என்றாலும் 18 பேருக்கு ஒன்றரை மணி நேரம்தான். முதலில் பிடித்த பாட்டு எதையாவது பாடச் சொல், சினிமாப் பாட்டாக இருந்தாலும் சரி, கூச்சம் போய்விடும். பிறகு ஒரு சுருதியை வைத்துக் கீழே குரல் காற்றாகும் இடத்தையும், மேலே தாடை உயரத் தொடங்கும் இடத்தையும் பார். அந்த இரண்டுக்கும் நடுவில் மேல் ஷட்ஜமமும் அதற்கு அப்பால் இரண்டு ஸ்வரங்களும் சிரமமின்றி வரும் கட்டையைப் பெயருக்கு எதிரே எழுதிக்கொள். கட்டை என்றால் என்ன என்று பெற்றோர் கேட்டால் ஆர்மோனியத்தின் கட்டைகளை எண்ணிக் காட்டு. மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் கறுப்புக் கட்டை இல்லாததால் நமக்கு மூன்றரைக் கட்டை என்று ஒன்றே கிடையாது என்று சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். எழுதி முடித்த பிறகு வயதை மறந்துவிட்டு, கட்டையைப் பார்த்து வகுப்புப் பிரி. பன்னிரண்டு வயதைத் தொட்ட பையன்களை ஒவ்வொரு தவணைத் தொடக்கத்திலும் மறுபடி கேள்.

அடுத்த மாதம் உன் பெரியப்பா மகன் மெல்பர்ன் வருகிறான். 2004ஆம் ஆண்டின் சிவப்பு அட்டை நோட்டை அவனிடம் கொடுத்தனுப்புகிறேன்; எப்படி எழுதுவது என்பதற்கு அது மாதிரியாக இருக்கும். பெயருக்கு எதிரே எண்கள், பலவற்றை அடித்துத் திருத்தியிருப்பேன். முதல் பக்கத்தில் உன் பெயருக்கு எதிரே நீயே பெரிதாக 6 என்று எழுதிக்கொண்டாய். நான் அதை அடித்து 5 ஆக்கியதற்கு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அன்புடன்,
அம்மா